பிள்ளையின் அரைக்குப் பூசும் களிம்பு

(தோட்டக் கிளையின் மாதர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



சம்பளம், நிறை, மழை நாள், லயத்து வீடு ஆகியவற்றைப் பற்றியே இந்த மேடையில் பேசிப் பழகியவர்கள் நாம். இன்றோ கைக்குழந்தையின் அரைக்குப் பூசும் களிம்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். "இதற்கும் ஒரு கூட்டமா?" என்று பின்வரிசையில் சில ஆண்மக்கள் புன்னகை செய்வது தெரிகிறது. சிரிக்கட்டும். ஆனால் முடியும்வரை எழுந்து போகவேண்டாம் என்று அவர்களையும் கேட்டுக்கொள்கிறோம்.

இதைப் பேச இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, பணம். பால் வெட்டிக் கூலி வாங்கும் குடும்பம் கடைக்காரர் சொன்னதை வாங்கி, அது கேட்கவில்லை என்று அடுத்ததை வாங்கி, மாதம் மூன்று குப்பி அலமாரியில் அடுக்குகிறது. இரண்டாவது, ஆபத்து. கடையிலும் லயத்திலும் கைமாறும் களிம்புகளில் ஒரு வகை, பிள்ளையின் புண்ணை இரண்டே நாளில் ஆற்றிக் காட்டிவிட்டு, உள்ளே பெருங்கேடு செய்யக்கூடியது. பணம் போனால் அடுத்த மாதம் சம்பாதிக்கலாம். பிள்ளையின் உடல்நலத்தை அப்படி மீட்க முடியுமா?

ஆகையால் எந்தக் கம்பெனியையும் புகழாமல், எதையும் விற்காமல், நாம் அறிந்ததை உள்ளபடி சொல்கிறோம்.

ஏன் சிவக்கிறது?

களிம்பைத் தேர்ந்தெடுக்கு முன், புண் எப்படி வருகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். நோய் தெரியாமல் மருந்து தேடுவது, மரம் தெரியாமல் கத்தி வைப்பதற்குச் சமம்.

மங்கிலும் வாளியிலும் பால் உறையாமல் இருப்பதற்காக விடும் அம்மோனியாவின் நெடி நமக்குத் தெரியும். மூக்கில் ஏறி, கண்ணில் நீர் வரவழைக்கும். காலையில் குழந்தையின் பெம்பர்ஸை அவிழ்க்கும்போது வருகிறதே ஒரு நெடி, அதுவும் அம்மோனியாவே. சிறுநீரில் உள்ள யூரியாவைக் கிருமிகள் உடைக்கும்போது அது உண்டாகிறது. அதனால் தோலின் மேலுள்ள இயற்கையான இலேசான புளிப்புத்தன்மை குறைந்து, காரத்தன்மை ஏறுகிறது. அப்படி ஏறினவுடன், மலத்தில் இருக்கும் செரிமானப் பொருள்கள் வேகம் பெறுகின்றன. குடலுக்குள் உணவைக் கரைக்கின்ற அதே பொருள்கள் வெளியே வந்து பிள்ளையின் தோலை அரிக்கின்றன. ஈரத்தில் ஊறிய தோல், துணியோடு உராய்ந்து உராய்ந்து கிழிகிறது. சிவப்பு வருகிறது, கவனிக்காமல் விட்டால் புண்ணாகிறது.

இதிலிருந்து ஓர் உண்மை விளங்குகிறது. சிறுநீர் ஒரு பங்கு கேடு செய்தால், மலமும் சிறுநீரும் சேர்ந்து பல பங்கு கேடு செய்கின்றன. ஆகவே மலம் போன துணியை ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மாற்றவேண்டும்.

தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தையின் மலத்தில் காரம் குறைவு. அதனால் அக்குழந்தைகளுக்கு இந்தப் புண் குறைவாகவே வருகிறது. சோறு, பழம், பிஸ்கோத்து என்று கொடுக்கத் தொடங்கியபின், ஒன்பது மாதம் முதல் ஒரு வயது வரையில்தான் இது அதிகம் வருகிறது. வயிற்றுப்போக்கு கண்ட நாள்களிலும், சளிக்கோ காய்ச்சலுக்கோ ஆண்டிபயோட்டிக் மருந்து கொடுத்த நாள்களிலும் கூடுதல் எச்சரிக்கை தேவை.

களிம்பு ஒரு சுவர்

தாய்மார்களே! இன்றைய பேச்சில் ஒன்றே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: நல்ல களிம்பு என்பது சுவர். தோலுக்கும் ஈரத்துக்கும் நடுவே அது நிற்கவேண்டும். அந்தச் சுவருக்குப் பின்னால் தோல் தன்னைத் தானே ஆற்றிக்கொள்ளும். சுவருக்கு வாசனை வேண்டியதில்லை, நிறம் வேண்டியதில்லை, குப்பியின்மேல் சிரிக்கும் வெள்ளைக்காரக் குழந்தையின் படமும் வேண்டியதில்லை. நீர் புகாமல் நின்றால் போதும்.

அப்படி நிற்கும் பொருள்கள் முக்கியமாக இரண்டு. ஒன்று வாசலின் என்று நாமெல்லாரும் அழைக்கும் பெட்ரோலியக் களிம்பு. இதன் வரலாறு நம்மைப் போன்ற உழைப்பாளிகளோடு சம்பந்தப்பட்டது. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்து எண்ணெய்க் கிணறுகளில் வேலை செய்தவர்கள், பம்புக் கம்பியில் படிந்த மெழுகைச் சுரண்டியெடுத்துத் தங்கள் வெட்டுக்காயத்துக்கும் தீப்புண்ணுக்கும் தடவி வந்தார்கள். இராபர்ட் செஸ்ப்ரோ என்னும் வேதியியல் அறிஞர் அதைக் கண்டு, அம்மெழுகைச் சுத்தம் செய்து, 1872ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். தொழிலாளி கண்டுகொண்டது, முதலாளி குப்பியில் அடைத்தது.

மற்றொன்று துத்தநாகத்திலிருந்து செய்யும் வெள்ளைத் தூள். குப்பியில் சிங்க் ஆக்சைடு என்று எழுதியிருப்பார்கள். மலாயில் சிங்க் ஒக்சிடா என்றிருக்கும். இதை எண்ணெயிலோ மெழுகிலோ குழைத்தால் கெட்டியான வெள்ளைப் பசையாகும். தோலில் ஒட்டி நிற்கும்; ஈரத்தைத் தள்ளும்; எரிச்சலையும் தணிக்கும். மருந்துக்கடையில் பழைய காலத்திலிருந்தே விற்கும் ஒரு களிம்பு, சிங்க் ஆக்சைடும் ஆமணக்கெண்ணெயும் சேர்ந்தது. ஆமணக்கெண்ணெய் என்றால் வேறு எதுவுமல்ல. நம் பாட்டிமார் பெட்டியில் வைத்திருந்த விளக்கெண்ணெய்தான்.

எவ்வளவு சிங்க் வேண்டும்? கடைகளில் நூற்றுக்குப் பத்து முதல் நாற்பது பங்கு வரை உள்ள களிம்புகள் கிடைக்கின்றன. புண் இல்லாத பிள்ளைக்குத் தினசரிக் காவலாக வாசலினோ, பத்துப் பதினைந்து பங்கு சிங்க் உள்ள களிம்போ போதும். தோல் நன்றாகச் சிவந்து, தொட்டால் பிள்ளை வீறிட்டு அழும்போது, பங்கு கூடிய கெட்டிப் பசை உதவும். எப்போதும் நாற்பதையே வாங்கவேண்டும் என்பதில்லை. சிவக்காத பிள்ளைக்கு நல்ல காற்றும் உலர்ந்த துணியும் இருந்தால், ஒன்றுமே பூசாமல் விட்டாலும் குறையில்லை.

தேங்காயெண்ணெய் பூசலாமா என்று கேட்பீர்கள். சுத்தமான தேங்காயெண்ணெய் தீங்கு செய்யாது. இலேசான வறட்சிக்கு நல்லது. ஆனால் அது மெல்லிய சுவர். இரண்டு முறை சிறுநீர் போனால் கரைந்துவிடும். சிவந்த தோலுக்குப் பசைதான் வேண்டும். எண்ணெயை, பழைய பசையைத் துடைத்தெடுக்க வைத்துக்கொள்ளுங்கள்.

கடையில் நின்று படிக்கவேண்டியது

கடையில் களிம்பைக் கையில் எடுத்தவுடன் முன்பக்கத்தைப் பார்க்காதீர்கள், பின்பக்கத்தைத் திருப்புங்கள். எழுத்துப் பொடியாக இருக்கும். கண் மங்கியவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளையையோ, கிராணியையோ படிக்கச் சொல்லுங்கள். இங்கே வந்திருக்கும் கிராணிமார்களுக்கும் ஒரு வேண்டுகோள்: செக்ரோலில் நம் பெயரைப் படிப்பது போலவே, தாய்மார் கொண்டுவரும் குப்பியையும் படித்துச் சொல்லுங்கள். அரை நிமிடத்து வேலை. அதில் ஒரு பிள்ளையின் நலம் அடங்கியிருக்கிறது.

முதலில் பதிவெண். நம் நாட்டில் மருந்து என்று விற்பது எதுவானாலும் எம்.ஏ.எல். என்ற மூன்று எழுத்தில் தொடங்கும் எண் இருக்கவேண்டும். அந்த எண்ணின் கடைசியில் ஓர் எழுத்து வரும். எக்ஸ் என்றிருந்தால், சீட்டு இல்லாமல் வாங்கக்கூடிய சாதாரண மருந்து. ஏ என்றிருந்தால், 1952ஆம் ஆண்டின் நச்சுப்பொருள் சட்டத்துக்குள் வருகிற மருந்து. இதை மருத்துவரோ மருந்தாளரோ கொடுத்தால்தான் வாங்கலாம். மருந்தாக அல்லாமல் அழகு, பராமரிப்புப் பொருளாக விற்கும் களிம்புக்கு என்.ஓ.டி. என்று தொடங்கிக் கே எழுத்தில் முடியும் எண் உண்டு. இவ்விரண்டில் ஒன்றும் இல்லாத குப்பியைக் கையாலும் தொடாதீர்கள். பெட்டாலிங் ஜெயாவில் உள்ள தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமையின் இணையப் பக்கத்தில் அந்த எண்ணைத் தட்டிப் பார்த்தால், உண்மையான எண்ணா என்று தெரிந்துவிடும். கைத்தொலைபேசி இல்லாத வீடு இன்று லயத்தில் ஏது?

இரண்டாவது, சேர்மானம். பட்டியல் எவ்வளவு சிறிதோ அவ்வளவு நல்லது. வாசனை சேர்ந்தது வேண்டாம். கிழிந்த தோலில் வாசனைப் பொருள் எரியும், ஒவ்வாமையும் தரும். சில களிம்பில் ஆட்டு ரோமத்துக் கொழுப்பு, சிலவற்றில் நிலக்கடலை எண்ணெய் இருக்கும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இவை ஒன்றும் செய்யாவிட்டாலும், ஒவ்வாமையுள்ள குடும்பத்தார் தவிர்க்கவேண்டும். புதிதாக வாங்கியதை முதல் நாளில் சிறிதளவு தொடையில் தடவி, மறுநாள் பார்த்துவிட்டுப் பூசுவது நல்லது.

மூன்றாவது, விலை. விலையைக் குப்பிக்குப் பார்க்காமல் கிராமுக்குப் பாருங்கள். 30 கிராம் 15 வெள்ளி என்றும், 100 கிராம் 30 வெள்ளி என்றும் இரண்டு களிம்புகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதலாவது கிராமுக்கு 50 காசு. இரண்டாவது 30 காசு. சிங்க் பங்கு இரண்டிலும் ஒன்றாக இருந்தால், விலை கூடியது பிள்ளையின் தோலுக்கு ஒரு நன்மையும் கூடுதலாகச் செய்யாது. அப்படி மிஞ்சும் காசுக்குக் கூடுதலாகப் பெம்பர்ஸ் வாங்குங்கள். விலையுயர்ந்த களிம்பைப் பூசி, காசை மிச்சம்பிடிக்க ஒரே பெம்பர்ஸைக் கனத்துத் தொங்கும்வரை விடுவது, கூரை ஒழுகும்போது சுவருக்குச் சாயம் அடிப்பது போன்றது.

தொடக்கூடாதவை

இனி நாம் சொல்லப்போவதைச் செவிகொடுத்துக் கேட்கவேண்டும்.

லயத்தில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: "பக்கத்து வீட்டு அக்கா ஒரு களிம்பு கொடுத்தாங்க. ரெண்டே நாள்ல ஆறிப்போச்சு." அந்த அக்கா நல்ல மனத்தோடு கொடுத்ததில் சந்தேகமில்லை. ஆனால் அவர் கொடுத்தது என்ன? பெரும்பாலும், பெரியவர் ஒருவரின் படைக்கோ அரிப்புக்கோ கிளினிக்கில் கொடுத்து, மீதி இருந்த களிம்பு. அதில் ஸ்டீராய்டு என்னும் மருந்து இருக்கலாம். குப்பியில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டாசோல், மொமெட்டசோன் என்னும் பெயர்களில் ஒன்றைக் கண்டால் அது இவ்வகையே. பூஞ்சை மருந்தும் ஸ்டீராய்டும் கலந்த களிம்புகளும் உண்டு. அவற்றிலும் எச்சரிக்கை வேண்டும்.

ஸ்டீராய்டு சிவப்பை விரைவில் அடக்கும். அதனால்தான் மக்கள் மயங்குகிறார்கள். ஆனால் குழந்தையின் தோல் நம் தோல் அன்று. உடல் எடைக்கு ஒப்பிட்டால் குழந்தைக்குத் தோலின் பரப்பு அதிகம். பூசியதன்மேல் பெம்பர்ஸைக் கட்டிவிட்டால், அது மூடிபோட்ட சட்டி. மருந்து வெளியே போக வழியின்றித் தோலின் வழியே இரத்தத்தில் இறங்குகிறது. நாள்பட்டால் தோல் மெலியும். உடல் தானே சுரக்கவேண்டிய சுரப்பு அடங்கும். வளர்ச்சி தடைப்படும். புண்ணுக்குக் காரணம் பூஞ்சையாக இருந்தால், மேலே சிவப்பை மறைத்து, கீழே பூஞ்சையைப் பரப்பும்.

இது வெறும் அச்சுறுத்தல் அன்று. 2021ஆம் ஆண்டு தொடக்கத்தில் சீனாவின் புக்கியன் மாநிலத்தில் ஐந்து மாதக் குழந்தை ஒன்றின் முகம் வீங்கி, உடலில் முடி அடர்ந்து, வளர்ச்சி தடைப்பட்ட செய்தி அந்நாட்டையே உலுக்கியது. பெற்றோர் பூசியது குழந்தைகளுக்கென்றே விற்ற களிம்பு. அரசாங்கம் சோதித்தபோது அதில் குளோபெட்டாசோல் இருந்தது தெரியவந்தது. ஸ்டீராய்டு மருந்துகளிலேயே மிகக் கடுமையானவற்றுள் அது ஒன்று. சேர்மானப் பட்டியலில் அதன் பெயரே இல்லை. நம் நாட்டிலும் முகம் வெளுக்கும் களிம்புகள் பலவற்றில் பாதரசமும் பீட்டாமெத்தசோனும் கண்டுபிடித்து, அவற்றின் அனுமதியை அரசாங்கம் ரத்து செய்திருக்கிறது. பசார் மாலாமிலும், கைத்தொலைபேசி வழியாகவும், பெயர் பொறிக்காத சிறு டப்பியில் "அதிசயக் களிம்பு" என்று வருவதை ஏன் வாங்கக்கூடாது என்பது இப்போது விளங்கும்.

மருத்துவர் பிள்ளையைப் பார்த்து, மென்மையான ஹைட்ரோகார்ட்டிசோனைச் சில நாள்களுக்கு மட்டும் எழுதிக்கொடுப்பது உண்டு. அது வேறு. அவர் சொன்ன அளவில், சொன்ன நாள்வரை பூசி நிறுத்திவிடுங்கள். மீதியை அடுத்த வீட்டுக்குக் கொடுக்காதீர்கள்.

பவுடர் பற்றியும் ஒரு வார்த்தை. 1972ஆம் ஆண்டில் பிரான்ஸ் நாட்டில், குழந்தைப் பவுடர் ஒன்றில் ஹெக்சாகுளோரோபீன் என்னும் கிருமிநாசினி தவறுதலாக மிக அதிகமாகக் கலந்துவிட்டது. அதைப் பூசிய குழந்தைகளில் 36 பேர் மாண்டார்கள். வாயால் விழுங்கவில்லை, தோலின் வழியே இறங்கியது. அதற்கும் முந்திய காலத்தில் போரிக் அமிலம் கலந்த பொடிகளைப் புண்பட்ட தோலில் பூசியதால் பச்சிளம் பிள்ளைகள் இறந்த நிகழ்ச்சிகள் மருத்துவ ஏடுகளில் உள்ளன. இன்று அவை இல்லாத பவுடரும்கூடத் தூசியாய்ப் பறந்து பிள்ளையின் மூச்சில் போகும். ஈரம்பட்டால் மடிப்பில் கட்டியாகி உராயும். ஆகையால் அரைக்குப் பவுடர் வேண்டவே வேண்டாம்.

கோடாலித் தைலம், கற்பூரம், மெந்தால் சேர்ந்த எதையும் குழந்தையின் அரையில் தடவலாகாது. எரிவது ஒருபுறமிருக்க, கற்பூரம் தோலின் வழியே ஏறிப் பச்சைக் குழந்தைக்கு வலிப்பும் உண்டாக்கக்கூடும்.

துணிப்பெட்டியில் போடும் அந்துருண்டையைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. நம் நாட்டில் பிறந்த குழந்தையின் தொப்புள்கொடி இரத்தத்தை எடுத்து ஜி-6-பி-டி என்று ஒரு சோதனை செய்கிறார்கள். அந்தக் குறையுள்ள பிள்ளைக்கு, அந்துருண்டை போட்டு வைத்த துணியைக் கட்டினாலே இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து, கடும் மஞ்சள்காமாலை வரக்கூடும். உங்கள் பிள்ளையின் சுகாதாரப் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று இன்றே பாருங்கள். குறை இருந்தாலும் இல்லாவிட்டாலும், குழந்தைத் துணியருகே அந்துருண்டை வேண்டாம்.

பூசும் முறை

பிள்ளையைத் தூக்குமுன் கையைக் கழுவுங்கள். பால் வெட்டிவிட்டு வருகிற கையில் அமிலமும் அம்மோனியாவும் இருக்கும். களைக்கொல்லி தெளிக்கும் பெண்கள் குளித்து, உடைமாற்றிய பிறகே பிள்ளையைத் தொடவேண்டும்.

துணியை அவிழ்த்தவுடன் வெதுவெதுப்பான தண்ணீரும் பஞ்சும் கொண்டு மெதுவாகத் துடையுங்கள். பெண் குழந்தைக்கு முன்பக்கத்திலிருந்து பின்பக்கமாகத் துடைக்கவேண்டும். தேய்க்கவேண்டாம், ஒற்றியெடுங்கள். மடிப்புகளில் ஈரம் நிற்கக்கூடாது. நேரமிருந்தால் பத்து நிமிடம் பாயில் துணியில்லாமல் காற்றாடப் படுக்கவையுங்கள். காசு செலவில்லாத மருந்து அதுவே.

அதன்பின் களிம்பு. காவலுக்கானால் மெல்லப் பூசுங்கள். சிவந்திருந்தால், சுவருக்குச் சுண்ணாம்பு அப்புவது போல வெள்ளையாய்த் தெரியும்படி பூசுங்கள், தேய்த்து மறைக்கவேண்டியதில்லை. அடுத்த முறை மாற்றும்போது மலம் பட்ட மேற்படலத்தை மட்டும் எண்ணெய் தொட்ட பஞ்சால் எடுத்துவிட்டு, சுத்தமாக ஒட்டியிருப்பதை அப்படியே விட்டு, அதன்மேல் இன்னும் கொஞ்சம் பூசுங்கள். ஒவ்வொரு முறையும் முழுவதையும் சுரண்டியெடுத்தால், ஆறிவரும் தோலையும் சேர்த்துச் சுரண்டுகிறோம்.

பிறந்த புதிதில் இரண்டு மணிக்கு ஒரு முறையாவது பார்த்து மாற்றவேண்டும். மலம் போனால் உடனே. 1980களிலிருந்து பெம்பர்ஸில் நீரை உறிஞ்சிக் கட்டிவைக்கும் பொருளைச் சேர்த்திருக்கிறார்கள். அதனால் சிறுநீரின் ஈரம் தோலில் குறைந்தது உண்மை. ஆனால் மலத்தை அது உறிஞ்சாது. பெம்பர்ஸ் கட்டிய பிள்ளையை மணிக்கணக்கில் விடலாம் என்பது விளம்பரத்தின் பேச்சு.

பெம்பர்ஸை இறுக்கிக் கட்டாதீர்கள். அரைஞாண் கயிறு அதற்குள் சிக்கி நனைந்திருந்தால், அதுவும் தோலை அறுக்கும், மேலே தூக்கிவிடுங்கள். துணி கட்டும் வழக்கமுள்ளவர்கள் சவர்க்காரம் போக இரண்டு மூன்று தண்ணீரில் அலசி, வெயிலில் காயப்போடுங்கள். வாசனைத் திரவத்தில் முக்கவேண்டாம்.

எப்போது கிளினிக் போகவேண்டும்?

சாதாரணச் சிவப்பு, துணி படும் மேடான இடங்களில், அதாவது பிட்டத்திலும் தொடையிலும் இருக்கும். மடிப்புக்குள் பெரும்பாலும் இராது. மடிப்புக்குள்ளேயே கருஞ்சிவப்பாகி, சுற்றிலும் சிறுசிறு பொட்டுகள் சிதறியிருந்தால் அது பூஞ்சையாக இருக்கலாம். அதற்குச் சுவர் போதாது. பூஞ்சை மருந்து வேண்டும்.

முறையாக மாற்றி, முறையாகப் பூசி மூன்று நாளாகியும் குறையாவிட்டால் காட்டுங்கள். கொப்புளம், சீழ், இரத்தக் கசிவு, காய்ச்சல் இவற்றில் ஒன்று கண்டாலும் அன்றே போங்கள். வாயைச் சுற்றியும் அதே போன்ற புண் வந்து, வயிற்றுப்போக்கும் இருந்தால், உடலில் சத்துக் குறைவின் அடையாளமாக இருக்கலாம், தாமதிக்காதீர்கள். கிளினிக் டேசாவின் தாதியிடம் காட்டுவதற்கு வெட்கமில்லை. வீட்டில் பூசிய எல்லாக் களிம்புகளையும், அக்கா கொடுத்ததையும் சேர்த்து, பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். எதைப் பூசினோம் என்று மறைத்தால் பாதிக்கப்படுவது பிள்ளையே.

ஆயாக்கொட்டகையும் நம் பொறுப்பும்

சகோதர சகோதரிகளே! இவ்வளவும் சொல்லிவிட்டு, எல்லாப் பாரத்தையும் தாயின் தலையில் ஏற்றிவிட்டுப் போக நமக்கு மனமில்லை. 2023ஆம் ஆண்டு ஜனவரி முதல் பிரசவ விடுமுறை 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. தந்தைக்கும் ஏழு நாள் சட்டத்தில் வந்தது. நல்லதே. ஆனால் நாம் மேலே கண்டபடி, புண் அதிகமாக வருவது ஒன்பதாம் மாதத்துக்குப் பிறகு. அப்போது தாய் காட்டில் மரத்தடியில் நிற்கிறாள். பிள்ளை ஆயாவின் கையிலோ பாட்டியின் மடியிலோ இருக்கிறது.

ஆகவே ஆயாக்கொட்டகை உள்ள தோட்டங்களில் சில காரியங்களைப் பார்க்கவேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் பெயர் எழுதிய தனிக் களிம்பு இருக்கவேண்டும். ஒரே டப்பியில் விரலை விட்டுப் பத்துப் பிள்ளைக்குப் பூசினால், ஒரு பிள்ளையின் கிருமி பத்துப் பிள்ளைக்கும் போய்ச் சேரும். மாற்றும் இடத்தில் குழாய்த் தண்ணீரும் சவர்க்காரமும் வேண்டும். ஒரு பிள்ளைக்கும் அடுத்த பிள்ளைக்கும் நடுவே ஆயா கைகழுவ அவகாசம் வேண்டும். ஓர் ஆயாவிடம் அளவுக்கு மீறிப் பிள்ளைகளை ஒப்படைத்துவிட்டு, "ஏன் மாற்றவில்லை?" என்று அவரைக் கடிந்துகொள்வது நியாயமாகாது. தண்ணீர் வராத கொட்டகையில் எந்தக் களிம்பும் பலிக்காது. அத்தண்ணீருக்காகக் கேட்பது நம் எல்லாருடைய கடமை. கிளைக் கூட்டத்தில் எழுந்து கேட்கவேண்டிய கோரிக்கையும் அதுவே.

தோட்டத்தை விட்டுத் தாமானுக்குக் குடிபோனவர்களும் இங்கே வந்திருக்கிறீர்கள். உங்கள் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் வீட்டிலும் இதையே கேளுங்கள்.

பின்வரிசையில் இருக்கும் தந்தைமார்களே, சிரித்தீர்களல்லவா? பெம்பர்ஸ் மாற்றுவதற்கு ஆண் கை, பெண் கை என்ற வேறுபாடு இல்லை. புதுப்பட்டையில் கத்தியை எவ்வளவு மெல்ல வைக்கவேண்டும், எந்த ஆழத்துக்கு மேல் போனால் மரத்துக்குக் காயம் என்று நன்றாகத் தெரிந்த கை உங்கள் கை. அந்தப் பக்குவத்தில் பாதி இருந்தால் போதும். பிள்ளையின் தோல் சிவக்காது.

முடிவாக, வீட்டுக்குப் போனதும் அலமாரியைத் திறந்து பாருங்கள். எண் இல்லாத டப்பி, பெயர் அழிந்த குப்பி, நாள் கடந்தது, அடுத்தவர் மீதியாகக் கொடுத்தது, இவற்றை எடுத்து அப்புறப்படுத்துங்கள். சேர்மானம் குறைந்த, வாசனை இல்லாத, எண்ணுள்ள களிம்பு ஒன்று போதும். பக்கத்து வீட்டுத் தங்கை "அக்கா, என் பிள்ளைக்கு ஏதாச்சும் களிம்பு இருக்கா?" என்று கேட்டு வந்தால், மீதிக் குப்பியை நீட்டாதீர்கள், இன்று கேட்டதைச் சொல்லுங்கள்.